பேர் இல்லாத போர்ட்



விடியற்காலை. பனி இன்னும் விலகவில்லை. தேயிலைத் தோட்டத்துப் பிரட்டுக்களத்தில் ஆட்கள் வேலைக்குக் கூடி நிற்கிறார்கள். கணக்கப்பிள்ளை கொப்பியை விரிக்கிறார். யாருடைய பேர் செக்ரோல் என்ற அந்தப் பதிவேட்டில் இருக்கிறதோ, அவருக்கு அன்று மலையில் வேலை உண்டு. பேர் இல்லாதவர் எவ்வளவு திறமையான கொழுந்துக்காரராக இருந்தாலும் கூடையோடு ஒதுங்கித்தான் நிற்க வேண்டும். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்து மக்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

கணினிக்குள்ளும் ஒரு பிரட்டு நடக்கிறது. பொத்தானை அழுத்திய சில விநாடிகளில், இயங்குதளம் தன்னோடு இணைந்திருக்கும் யூஎஸ்பி போர்ட்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பேர் பதிகிறது. பேர் விழுந்த போர்ட் வேலை செய்யும். விழாத போர்ட்டில் எதைச் செருகினாலும் சலனமே இருக்காது. ஹேக்கின்டோஷ் வைத்திருப்பவர்களை ராத்தூக்கமில்லாமல் அடிக்கும் கோளாறுகளில் பெரும்பகுதி இந்தப் பேர் பதிவில்தான் தொடங்குகிறது.

ஹேக்கின்டோஷ் என்றால், அப்பிள் நிறுவனம் செய்யாத கணினியில் அப்பிளின் மேக் இயங்குதளத்தை ஓட வைப்பது. பாகங்களைத் தனித்தனியாக வாங்கிப் பூட்டிய சாதாரணக் கணினியாக அது இருக்கும். திரையில் மட்டும் மேக் தெரியும். 2005 ஜூன் மாதம், இனி மேக் கணினிகளில் இன்டெல் சிப் வரும் என்று ஸ்டீவ் ஜொப்ஸ் அறிவித்தார். 2006 ஜனவரியில் முதல் இன்டெல் மேக் வெளியானது. கடையில் கிடைக்கும் கணினியின் மூளையும் மேக்கின் மூளையும் ஒரே குடும்பமாகிவிட்ட பிறகு, உலகெங்கும் ஆர்வலர்கள் சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவின் புளோரிடாவில் சைஸ்டார் என்ற நிறுவனம் 2008இல் இப்படிப்பட்ட கணினிகளை விற்கவே தொடங்கியது. அப்பிள் வழக்குப் போட்டது. 2009இல் நீதிமன்றம் அப்பிளின் பக்கம் தீர்ப்பளித்து விற்பனைக்குத் தடை விதித்தது. அப்பிள் கணினியில் மட்டுமே இதைப் பயன்படுத்தலாம் என்று மேக் இயங்குதளத்தின் உரிம ஒப்பந்தம் இன்றும் சொல்கிறது. இந்த வழியில் இறங்குகிறவர் அதைத் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும்.

பிறகு ஏன் இறங்குகிறார்கள்? விலைதான் காரணம். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. அதே ஆண்டின் இறுதியில் வந்த, அப்பிளின் மிக மலிவான மேசைக் கணினி மேக் மினியின் அமெரிக்க விலை 599 டொலராக இருந்தது. டொலருக்கு 300 ரூபா என்று பிடித்தால், வரியும் இறக்குமதிச் செலவும் சேராமலே ஏறக்குறைய 1,80,000 ரூபா. அந்தச் சம்பளத்தில் ஒரு தொழிலாளி 134 நாள் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், வாங்கினால்தான் அந்தப் பணம் சேர்ந்திருக்கும். அதற்குத் திரையும் கீபோர்டும் தனி. 2022 நெருக்கடியில் 200 ரூபாவாக இருந்த டொலர் ஒருசில மாதங்களில் 360 ரூபாவைத் தாண்டியபோது இருந்த நிலையைச் சொல்லவே வேண்டாம்.

இப்போது ஹட்டன் நகரில் ஒரு சிறிய ஸ்டூடியோவை நேயர்கள் மனக்கண்ணில் கொண்டுவர வேண்டும். கல்யாண வீடு, பூப்புனித நீராட்டு விழா, கோயில் தேர், மாசி மாதத்தில் தோட்டங்களில் விடிய விடிய நடக்கும் காமன் கூத்து என்று எல்லாவற்றையும் படம்பிடித்துத் தொகுத்துக் கொடுக்கும் ஸ்டூடியோ. தொகுப்பதற்கு ஃபைனல் கட் புரோ வேண்டும். கணினிகளில் அது மேக்கில்தான் ஓடும். கொழும்பு பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் பழைய மதர்போர்டும் சிப்பும் வாங்கி, கினிகத்தேனை வழியாக பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து பூட்டிய கணினி அது. மேக் திரை வந்துவிட்டது. ஆனால் முன்பக்கப் போர்ட் ஒன்றில் பென் டிரைவ் எடுபடவில்லை. வெளி ஹார்ட் டிஸ்க் ஆமை போல் நகர்கிறது. புளூடூத் மௌஸ் அசையவே இல்லை. வைஃபை மட்டும் நன்றாக வேலை செய்கிறது.

இந்த நான்காவது விஷயத்தில்தான் துப்பு இருக்கிறது. வைஃபையும் புளூடூத்தும் ஒரே அட்டையில் இருப்பவை. ஒன்று வேலை செய்து மற்றது செய்யாமல் இருப்பது எப்படி? பலர் இந்த இடத்தில் அட்டை பழுது என்று முடிவுகட்டிப் புதிது வாங்கிப் பணத்தை இழக்கிறார்கள். அட்டை ஒன்றுதான், பாதை இரண்டு. வைஃபை, மதர்போர்டின் பிசிஐ பாதையில் போகிறது. புளூடூத் போவது யூஎஸ்பி பாதையில். கம்பியில்லாத் தொழில்நுட்பம் என்று நாம் நினைக்கும் புளூடூத், கணினிக்குள் கம்பி வழியாகத்தான் வருகிறது.

லயத்துப் பீலியில் தண்ணீர் நின்றுபோனால் யாரும் பீலியைத் தட்டிக்கொண்டிருப்பதில்லை. குழாய் வழியே மேலே ஊற்று வரைக்கும் ஒரு நடை நடந்து பார்ப்பார்கள். புளூடூத்துக்கும் அந்த நடைதான் தேவை. ஹேக்கின்டோஷ்காரர்கள் விரும்பி வாங்கிய ஃபென்வி டி919 அட்டையை எடுத்துக்கொள்வோம். அதோடு சிறிய கேபிள் ஒன்று வரும். ஒரு முனையை அட்டையிலும், மறுமுனையை மதர்போர்டில் இருக்கும் ஊசிவரிசை யூஎஸ்பி இணைப்பிலும் செருக வேண்டும். அதைச் செருக மறந்தால் வைஃபை வரும், புளூடூத் வராது. நாள்கணக்கில் மென்பொருளோடு மல்லுக்கட்டிய பிறகு, பெட்டியைத் திறந்து பார்த்தால் கேபிள் தொங்கிக்கொண்டிருக்கும். அட்டையின் அன்டெனாக்கள் திருகி இறுக்கப்பட்டிருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். தகரப் பெட்டிக்குள் அன்டெனா இல்லாத புளூடூத் அடுத்த மேசையைக்கூட எட்டாது.

கேபிள் சரியாகவே இருக்கிறது என்றால், செக்ரோலைப் பார்க்க வேண்டியதுதான். மேக் இயங்குதளம் ஒரு யூஎஸ்பி கட்டுப்பாட்டகத்துக்கு 15 போர்ட்களை மட்டுமே ஏற்றுக்கொள்ளும். 2015இல் வந்த எல் கப்பிட்டன் பதிப்பிலிருந்து இந்த வரம்பு ஹேக்கின்டோஷ்காரர்களுக்குப் பெரிய தலைவலி. அப்பிள் தன் கணினியில் எத்தனை போர்ட் வைக்கிறதோ அத்தனைக்குத் தானே பட்டியல் எழுதிக்கொள்கிறது. அங்கே சிக்கல் இல்லை. ஆனால் இன்டெலின் இசட்170 சிப்செட்டில் வேகம் குறைந்த பாதைகள் 14, வேகமான பாதைகள் 10, வேறு இரண்டு என்று மொத்தம் 26 பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

எங்கள் ஸ்டூடியோக் கணினியில் எட்டுத் துளைதானே இருக்கிறது என்று கேட்கலாம். பின்னால் ஆறு நீல நிறப் போர்ட், முன்னால் இரண்டு. ஆனால் ஒரு நீலப் போர்ட்டுக்குள் இரண்டு பேர் குடியிருக்கிறார்கள். பழைய யூஎஸ்பி 2 கருவிகளுக்கு ஒரு பாதை, யூஎஸ்பி 3 கருவிகளுக்கு இன்னொரு பாதை. எட்டு இரண்டு பதினாறு. இப்போதே வரம்பு தாண்டியாயிற்று. புளூடூத் இன்னும் வரிசைக்கே வரவில்லை, அது பதினேழாவது.

பட்டியலே எழுதாமல் விட்டால், வரிசையில் முதலில் நிற்கும் வேகம் குறைந்த பாதைகள் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பின்னால் நிற்கும் வேகமான பாதைகள் வெளியே போகும். அப்போது நீலப் போர்ட்டில் செருகிய ஹார்ட் டிஸ்க் வேலை செய்யும், ஆனால் விநாடிக்கு 5 கிகாபிட் ஓட வேண்டியது 480 மெகாபிட்டில் நகரும். கொழுந்து நிறை குறைந்தால் போடுகிற அரைப்பேர் மாதிரி. ஆனால் இங்கே பாதிகூட இல்லை, பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வேறொருவருடைய மதர்போர்டுக்கு எழுதிய பட்டியலை அப்படியே கொண்டுவந்து போட்டால் விளைவு வேறு மாதிரி. அதில் புளூடூத்தின் பேர் வேறு எண்ணில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. புளூடூத் காணாமல் போனதற்கும் முன்பக்கத் துளை செத்துக் கிடப்பதற்கும் இந்தக் கடன் வாங்கிய பட்டியலே பல இடங்களில் காரணம். ஒரு தோட்டத்துச் செக்ரோலை இன்னொரு தோட்டத்தில் வாசித்தால் யார் கையைத் தூக்குவார்கள்?

பட்டியலைத் தானே எழுதுவது கடினமில்லை. பொறுமைதான் தேவை. யூஎஸ்பிடூல்பொக்ஸ் என்ற இலவச மென்பொருளை விண்டோஸில் ஓடவிட்டு, பழைய யூஎஸ்பி 2 பென் டிரைவ் ஒன்றையும் யூஎஸ்பி 3 பென் டிரைவ் ஒன்றையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு துளையிலும் இரண்டையும் மாறி மாறிச் செருகிப் பார்க்க வேண்டும். எந்தத் துளைக்கு எந்தப் பேர் என்று திரையில் தெரியும். டைப் சி துளையாக இருந்தால் திருப்பியும் ஒருமுறை செருக வேண்டும். ஒரு கொப்பித்தாளில் அதை எழுதிக்கொண்டு உட்கார்ந்தால், மீதி வெறும் கணக்கு. கீபோர்டும் அச்சு இயந்திரமும் செருகும் இரண்டு பின்பக்கத் துளைகளுக்கு வேகமான பாதை எதற்கு? அவற்றை நீக்கினால் 16 இல் 2 போய் 14. புளூடூத்தைச் சேர்த்தால் 15. எட்டுத் துளையும் வேலை செய்யும், மௌஸும் அசையும்.

இந்தக் கணக்கைப் போட்டு முடித்தவர் முகத்தில் வரும் வெளிச்சம் பெரியது. புதிதாக எதுவும் வாங்கவில்லை. தன் கணினியைத் தெரிந்துகொண்டதனால் மட்டும் அது சரியாயிற்று.

பட்டியலில் புளூடூத்தை உள் இணைப்பு என்று குறிப்பதும் முக்கியம். அதற்கான எண் 255. அதை வெளிப்போர்ட் என்று விட்டுவிட்டால், கணினியைத் தூங்கப் போட்டாலும் உடனே விழித்துக்கொள்ளும் தொல்லை பலருக்கு வருகிறது.

பேர் விழுந்தும் புளூடூத் பேசவில்லையா? அடுத்த காரணம் ஃபர்ம்வேர், அதாவது அட்டையை இயக்கும் உள்மென்பொருள். சில புரோட்கொம் அட்டைகள், மின்சாரம் நின்றதும் தம் பாடத்தை மறந்துவிடும். ஒவ்வொரு முறை இயங்கும்போதும் யாராவது அந்தப் பாடத்தை மறுபடி ஊட்ட வேண்டும். விண்டோஸில் அதன் டிரைவர் ஊட்டிவிடுகிறது. அதனால்தான், முதலில் விண்டோஸைத் திறந்துவிட்டு, அணைக்காமல் ரீஸ்டார்ட் செய்து மேக்குக்கு வந்தால் புளூடூத் வேலை செய்கிறது; இரவு அணைத்துவிட்டுக் காலையில் நேராக மேக்குக்குப் போனால் செய்வதில்லை. மேக்கில் பாடம் ஊட்டத் தனித் துணை மென்பொருள் இருக்கிறது. இன்டெல் அட்டைகளுக்கு வேறொன்று. 2021இல் மொண்டெரே பதிப்பில் அப்பிள் புளூடூத் பகுதியை மாற்றி எழுதியதால், அதற்குப் பிறகு இன்னொரு சிறு துணையும் வேண்டியிருக்கிறது. இயங்குதளத்தைப் புதுப்பித்த மறுநாளே புளூடூத் போய்விட்டது என்று சொல்பவர், பெரும்பாலும் இந்தத் துணையைப் புதுப்பிக்காமல் விட்டிருப்பார்.

இனி ஒரு விசித்திரமான கோளாறு. மௌஸ் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் ஹார்ட் டிஸ்க்கில் வீடியோ ஏற்றத் தொடங்கியதும் தடுமாறுகிறது. ஏற்றி முடிந்ததும் மறுபடி சரியாகிவிடுகிறது. பேய் பிடித்தது போல் தோன்றும் இதற்கு 2012இலேயே இன்டெல் ஓர் ஆய்வறிக்கையில் விளக்கம் சொல்லிவிட்டது. யூஎஸ்பி 3 கேபிளிலும் இணைப்பிலும் தரவு ஓடும்போது எழும் மின்காந்த இரைச்சல், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழுகிறது. புளூடூத் பேசுவதும் அதே அலைவரிசையில்தான்.

வானொலி கேட்கும் நேயர்களுக்கு இரைச்சல் புதிதல்ல. நுவரெலியாவின் தலைக்கு மேலே பிதுருதலாகல மலையில் நிற்கும் கோபுரத்திலிருந்து 1982 முதல் ரூபவாஹினியின் ஒளிபரப்பு மலைகளைத் தாண்டிப் போகிறது. ஆனால் மௌஸில் இருக்கும் சாதாரண புளூடூத்தின் வலிமை வெறும் 2.5 மில்லிவாட், எட்டும் தூரம் ஏறக்குறைய 10 மீற்றர். அவ்வளவு மெல்லிய குரலின் காதருகே போய் யூஎஸ்பி 3 டிஸ்க் கத்தினால் எப்படிக் கேட்கும்? மருந்து எளியது. அட்டைக்குப் பதிலாக வெளியே செருகும் புளூடூத் டொங்கிள் இருந்தால், அதை ஒரு யூஎஸ்பி 2 நீட்டிப்புக் கேபிளில் மாட்டி, டிஸ்க்கிலிருந்து சற்றுத் தள்ளி வைத்துவிட வேண்டும். டிஸ்க்குக்கு நல்ல உறையிட்ட கேபிள் வாங்கினால் இன்னும் நல்லது.

மலைநாட்டுக்கென்று சில கவலைகளும் உண்டு. சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி இறங்கும்போது கணினியின் பிளக்கைச் சுவரிலிருந்தே கழற்றிவிடுவது நல்லது. மூடுபனிக் காலத்தில் ஈரம் ஏறி, துளைகளின் உலோகப் பற்கள் மங்கிப்போகும். கணினியை அணைத்துவிட்டு ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்டு மெதுவாகத் துடைத்தால் செத்த துளை உயிர்பெறுவதும் உண்டு. பட்டியலைத் திருத்துவதற்கு முன்னரே இதைச் செய்து பார்ப்பது புத்திசாலித்தனம்.

அப்பிள் 2020இல் இன்டெலை விட்டுத் தன் சொந்தச் சிப்புக்கு மாறத் தொடங்கியது. 2025இல் வந்த டஹோ பதிப்புதான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசி என்று அறிவித்தும் விட்டது. ஆகவே இன்று புதிதாக ஹேக்கின்டோஷ் கட்ட நினைப்பவருக்கு, அப்பிளின் சொந்தச் சிப் உள்ள பழைய மேக் மினி ஒன்றைத் தேடிப் பிடிப்பதே மேல். ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கணினிகள் இன்னும் பல கல்யாணங்களையும் காமன் கூத்துகளையும் தொகுத்துக் கொடுக்கும் நிலையில்தான் இருக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்கள் இந்த வாரமே இரண்டு காரியங்களைச் செய்துவிடலாம். கணினியைத் தொடக்கும் ஈஎஃப்ஐ கோப்புறையின் பிரதி ஒன்றைப் பென் டிரைவில் எடுத்துத் தனியே வைப்பது ஒன்று. எந்தத் துளைக்கு எந்தப் பேர் என்று எழுதிய அந்தக் கொப்பித்தாளைப் பெட்டியின் உட்பக்கத்தில் ஒட்டிவைப்பது மற்றது. புளூடூத்தின் பேருக்குக் கீழே சிவப்புப் பேனாவால் ஒரு கோடும் போட்டுக்கொள்ளலாம்.