வார விடுமுறைக்காகப் போராடிய பத்திரிகை ஆசிரியர்: நாராயண் மேகாஜி லோகண்டே

(புணே, லோஹேகாவில் தமிழ்த் தோழர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



லோஹேகாவுக்கு வடக்கே கேட் வட்டம் இருக்கிறது. பகத்சிங்குடன் தூக்குமேடை ஏறிய ராஜகுரு பிறந்த மண் அது. அதே வட்டத்துக் கன்ஹேர்சர் கிராமத்தைப் பூர்வீகமாகக் கொண்ட ஏழைக் குடும்பத்தில், 1848இல் தாணேயில் பிறந்தவர் நாராயண் மேகாஜி லோகண்டே. கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கை வெளிவந்த ஆண்டும் அதுவே.

பள்ளிப் படிப்புக்குப் பிறகு ரயில்வேயிலும் அஞ்சல் துறையிலும் வேலை பார்த்த அவர், பின்னர் பம்பாய் மாண்ட்வியில் ஒரு பஞ்சாலையில் பண்டகக் காப்பாளரானார். தொழிலாளர் வாழ்க்கையை அவர் ஏடுகளில் படித்து அறிந்தவரல்லர். ஆலைச் சங்கு ஊதுமுன் வாசலில் காத்துக்கிடந்த பெண்களையும் சிறுவர்களையும் அன்றாடம் கண்டவர்.

ஜோதிராவ் பூலே நிறுவிய சத்திய சோதக சமாஜத்தைச் சேர்ந்த கிருஷ்ணராவ் பாலேகர், 1877இல் புணேயில் ‘தீனபந்து’ என்ற மராத்தி வார ஏட்டைத் தொடங்கினார். பணமின்றி அது தள்ளாடியபோது, 1880இல் லோகண்டே அதைப் பம்பாய்க்குக் கொண்டு சென்று ஆசிரியர் பொறுப்பை ஏற்றார்.

அவருடைய துணிச்சலை உணர அக்காலச் சூழலை நினைவில் கொள்ள வேண்டும். இந்திய ஆலைகளுக்குச் சட்டக் கட்டுப்பாடு வேண்டுமென்று இங்கிலாந்தில் உரத்துக் குரல் எழுப்பியவர்கள் லங்காஷயர் முதலாளிகள். பம்பாய்த் துணி அவர்களுக்குப் போட்டியாக வளர்ந்துவந்தது. இந்தியத் தொழிலாளி மீது அவர்களுக்குப் பாசம் ஏதுமில்லை. இதைச் சுட்டிக்காட்டியே புணேயின் ‘கேசரி’, ‘மராட்டா’ உள்ளிட்ட தேசிய ஏடுகள் தொழிற்சாலைச் சட்டத்தை எதிர்த்தன. லங்காஷயரின் நோக்கத்தைப் பற்றி அவை கூறியது உண்மைதான். ஆனால் அந்த உண்மையின் நிழலில் இந்திய முதலாளி பாதுகாப்பாக ஒதுங்கிக்கொண்டார். முதலாளி எந்த நாட்டவராயினும் தொழிலாளியின் முதுகு ஒன்றுதான் என்ற நிலையை ‘தீனபந்து’ எடுத்தது. அதற்காக அது தேசிய ஏடுகளுக்கு எதிர்வரிசையில் நிற்க நேர்ந்தது.

1881ஆம் ஆண்டுச் சட்டம் 7 வயதுக்குட்பட்ட குழந்தைகளை வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. 7 முதல் 12 வயது வரையுள்ளோருக்கு 9 மணி நேர வரம்பு வைத்தது. வயது வந்த பெண்களுக்கும் ஆண்களுக்கும் அதில் வேலை நேர வரம்பு ஏதுமில்லை.

1884 செப்டம்பரில் லோகண்டே பம்பாயில் ஆலைத் தொழிலாளர் கூட்டங்களைக் கூட்டினார். 5,000க்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்ட மனு தொழிற்சாலை ஆணையத்திடம் அளிக்கப்பட்டது. வாரம் ஒருநாள் விடுமுறை, நண்பகலில் அரைமணி ஓய்வு, காலை 6.30க்குத் தொடங்கி அந்தியில் முடியும் வேலை; அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கூலி; காயமுற்றவருக்குக் குணமாகும்வரை முழுக் கூலி; ஊனமுற்றவருக்கு ஆயுள்கால உதவி. சூரியன் மறைந்த பிறகாவது வீட்டுக்கு அனுப்புங்கள் என்பதே அன்றைய வேலைநேரக் கோரிக்கை! 140 ஆண்டுகளுக்குப் பின், 2025 செப்டம்பரில், இதே மகாராஷ்டிரத்தின் அமைச்சரவை தொழிற்சாலைகளில் நாளொன்றுக்கான வரம்பை 9 மணியிலிருந்து 12 மணியாக உயர்த்த ஒப்புதல் அளித்தது. தமிழ்நாட்டிலும் 2023இல் அத்தகைய மசோதா நிறைவேறியது; எதிர்ப்பு வலுத்ததும் திரும்பப் பெறப்பட்டது.

1890 ஏப்ரல் 24 அன்று மகாலட்சுமி திடலில் ஏறத்தாழ 10,000 தொழிலாளர் கூடினர். இரு பெண் தொழிலாளர்கள் மேடையேறிப் பேசினர். ஞாயிறு கண்டோபா தெய்வத்துக்குரிய நாள் என்ற வாதத்தையும் லோகண்டே முன்வைத்தார். ஜெஜூரி யாத்திரை செல்லும் மக்களின் உள்ளம் அறிந்தவர் அவர். ஜூன் 10 அன்று ஆலை முதலாளிகள் சங்கம் ஞாயிறு விடுமுறைக்கு இசைந்தது. 1891ஆம் ஆண்டுச் சட்டம் வார விடுமுறையை ஏற்றது. பெண்களுக்கு 11 மணி நேர வரம்பு விதித்தது. ஆண்களோ 12 மணி நேர வரம்புக்கே 1911 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மகாலட்சுமிக் கூட்டம் முடிந்த ஒரே வாரத்தில் உலகின் முதல் சர்வதேச மே தினம் வந்தது. எட்டு மணி நேர வேலைக்காகச் சிகாகோவில் ‘அலாரம்’ ஏட்டை நடத்திய ஆல்பர்ட் பார்சன்ஸ் 1887 நவம்பரில் தூக்கிலிடப்பட்டிருந்தார். இங்கோ பிரிட்டிஷ் அரசு லோகண்டேவுக்கு ‘ராவ் பகதூர்’ பட்டம் வழங்கியது. இந்த வேறுபாட்டை மூடிமறைக்கத் தேவையில்லை. அவருடைய பம்பாய் ஆலைத் தொழிலாளர் சங்கத்துக்கு உறுப்பினர் பதிவோ, சந்தாவோ, விதிமுறைகளோ இல்லை. மனுவும் கூட்டமுமே அவர் கையாண்ட கருவிகள். அரசு நடுநிலையானது என்ற நம்பிக்கை அவரிடம் இருந்தது. கிர்ணி காம்கார் சங்கம் செங்கொடியுடன் எழ 1928 வரை காலம் கனிய வேண்டியிருந்தது.

ஆனால் ஆலை வாசலோடு அவர் நின்றுவிடவில்லை. விதவைகளின் தலையை மழிக்க மாட்டோம் என்று பம்பாய் நாவிதர்கள் உறுதியேற்க அவர் துணைநின்றார். 1893இல் பம்பாயில் இந்து–முஸ்லிம் கலவரம் வெடித்தபோது தொழிலாளரிடையே ஒற்றுமைக்காகப் பாடுபட்டார். 1896இல் பிளேக் நோய் பரவி மக்கள் கூட்டங்கூட்டமாக நகரை விட்டு ஓடியபோது, லோகண்டே நோயாளிகளிடையே தொண்டாற்றினார். அந்த நோயே அவரைத் தொற்றியது. 1897 பிப்ரவரி 9 அன்று, ஐம்பது வயதை எட்டும் முன்பே, அவர் உயிர் நீத்தார்.