ஒரு சொல்லுக்குள் இரு பொருள்



ஒரு சொல் பல பொருள் தருவது தமிழுக்குப் புதிதன்று. அத்தகைய சொற்களை நிகண்டுகள் தனித் தொகுதியாகவே தொகுத்து வைத்தன. சிலேடை பாடும் புலவனுக்கு அது அணி. சுகாதார அறிவித்தலுக்கோ அதுவே பிணி.

2020இல் கொவிட் நோய் பரவியபோது எங்கள் ஒழுங்கையில் நடந்ததைச் சொல்கிறேன். வெளியூரிலிருந்து வந்த இளைஞர் ஒருவரின் வீட்டுப் படலையில், 'தனிமைப்படுத்தப்பட்ட வீடு' என்ற அறிவித்தல் ஒட்டப்பட்டது. அவருக்குக் காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை. நோயாளி ஒருவருடன் ஒரே பேருந்தில் வந்தவர், அவ்வளவுதான். ஆயினும் மறுநாளே பால்காரர் அந்த வீட்டைத் தாண்டிப் போனார். பதினான்கு நாட்கள் கழிந்த பின்னரும் அவருடைய தாயாரைக் கண்டால் அயலவர் விலகி நடந்தனர்.

குற்றம் அயலவருடையது மட்டுமா? வைத்தியசாலையில் நோயாளியைப் பிரித்து வைப்பதையும் அந்நாட்களில் நாம் 'தனிமைப்படுத்தல்' என்றே கேட்டோம், வாசித்தோம். மருத்துவத்தில் இவை இரண்டு வேறு செயல்கள். நோயுற்றவரைப் பிரித்து வைப்பது ஐசொலேஷன். நோயாளியுடன் பழகியவரை, நோயரும்பு காலம் முடியும்வரை ஒதுக்கி வைத்துக் கவனிப்பது குவாரன்டைன்.

இன்று துப்ரோவ்னிக் எனப்படும் ரகுசாத் துறைமுக நகர், 1377இல், கொள்ளைநோய் கண்ட இடங்களிலிருந்து வந்தோரை முப்பது நாட்கள் வெளியே நிறுத்தியது. பின்னர் பிற துறைமுகங்களில் அது நாற்பது நாட்களாயிற்று. நாற்பதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்தே குவாரன்டைன் பிறந்தது. ஆகவே அச்சொல்லின் கருவில் இருப்பது நோயன்று, காத்திருப்பு. நமது சொல்லில் அந்தக் காத்திருப்பு மறைந்து தனிமை மட்டுமே எஞ்சியது.

இது வெறும் இலக்கணப் பிணக்கன்று. 'நோயாளி' என்ற பெயருக்கு அஞ்சி ஒருவர் தாம் யாருடன் பழகினார் என்பதை மறைத்தால், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நோயின் தடத்தை எவ்வாறு பின்தொடர்வார்? மயங்கிய சொல் நோய்க்கே துணைபோகிறது.

கலைச்சொல் ஆக்குவோர் இவ்விரண்டுக்கும் வெவ்வேறு சொற்களை நிலைபெறச் செய்யட்டும். அதுவரை படலையில் ஒட்டும் தாளில் இரண்டு எளிய வசனங்கள் போதும்: "இங்கிருப்பவர் நோயாளி என்று உறுதிப்படுத்தப்படவில்லை. நோய் தொற்றியிருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே பதினான்கு நாட்கள் வீட்டில் இருக்கிறார்."

இந்த இரு வசனங்கள் அன்று இருந்திருந்தால், அந்தத் தாயார் தலைகுனிந்து நடந்திருக்கமாட்டார்.