கல்லில் பொறித்தார், கண்ணாடியில் வரைவார் யார்?



உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவர்களைப் பற்றிக் கேட்டிராதார் இலர். முதற் பராந்தகன் ஆட்சியில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், குடவோலைத் தேர்தலுக்குரிய நெறிமுறைகள் ஆங்குப் பொறிக்கப்பெற்றன. அவற்றில் வடசொற்கள் மிடைந்து கிடப்பதும், அவ்வவை எவர்க்குரியதாய் இருந்தது என்பதும் வேறு வழக்கு. ஈண்டு நோக்கற்குரியது உளி. பழங்கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இராது. படிப்பவரே இடமறிந்து ஒலித்துக்கொள்ளல் வேண்டும். ஆயினும், எழுத்தைக் கல்லில் எவ்வாறு அமைப்பது என்று முடிவு செய்தவர் தமிழெழுத்து அறிந்தவரே.

இன்று எழுத்துத் தோன்றுமிடம் கைப்பேசித் திரை. எழுத்துரு ஒன்று இருந்தால் தமிழ் தானே வந்துவிடும் என்பார் பலர். அஃது உண்மையன்று. ‘கொ’ என்பதையே எடுத்துக்கொள்க. ஒருங்குகுறியில் முதலில் ககரம், அடுத்து ஒகரக்குறி என இரண்டு குறிகளாகவே அது நினைவகத்தில் கிடக்கும். திரைக்கு வருங்கால் ஒகரக்குறி இரண்டாகப் பிளந்து, கொம்பு ககரத்தின் முன்னும் கால் அதன் பின்னும் நிற்றல் வேண்டும். இதனைச் செய்வது எழுத்துக்கோவை மென்பொருள். அதன்பின் வரைகலை மென்பொருள் எழுத்தின் வளைகோடுகளைப் படப்புள்ளிகளாக மாற்றித் திரையில் இடும். பெரும்பாலான கைப்பேசிகளில் திரை நொடிக்கு 60 முறையேனும் புதுப்பிக்கப்படும். நொடியின் 60-இல் ஒரு பங்குக்குள் பணி முடியாவிடின் திரை இடறும். ஆகவே, ஒருமுறை வரைந்த எழுத்தின் படத்தைச் சேமித்து மீளமீள எடுத்தாள்வர் வரைகலைப் பொறிஞர். 120 முறை புதுப்பிக்கும் கைப்பேசியில் அவர்க்குக் கிடைக்கும் பொழுது அதனிற் பாதியே.

இப்பணியில் பிழை நேரின் என்னாகும்? ஆண்டிராய்டின் தொடக்க நாள்களில் கொம்பும் காலும் இடம்மாறித் தமிழ் சிதைந்து கிடந்தது. 2018 பிப்பிரவரியில் ஒரேயொரு தெலுங்குக் கூட்டெழுத்து வந்த அளவிலேயே ஐபோன் செயலிகள் நிலைகுலைந்து வீழ்ந்தன. எட்டுக் கோடியர் பேசும் மொழியின் எழுத்து அது! ஆப்பிள் நிறுவனம் அத்திங்களிலேயே திருத்தம் வெளியிட்டது. ஆனால் வெளிவருமுன் அதனைக் கண்டுபிடிக்க, அவ்வெழுத்தை நாள்தோறும் எழுதும் கை ஒன்று ஆங்கு இருந்திருத்தல் வேண்டும்.

ஆண்டிராய்டிலும் குரோமிலும் எழுத்துகளைக் கோக்கும் மென்பொருள் ஆர்ஃபசு. அதனை ஆக்கியோருள் முதல்வர் ஈரானில் பிறந்த பெதாத் எசுபாபோது. ‘ஆர்ஃபு’ எழுத்து, ‘பாசு’ திறந்தது, பெயரே பாரசீகம். உலகோர் கைக்கொள்ளும் கருவிக்குப் பாரசீகப் பெயர் சூட்ட அவர் கூசவில்லை. தமிழரிலும் மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985-இல் முரசு அஞ்சலையும், 2005-இல் கைப்பேசிக்குச் செல்லினத்தையும் தந்தார். அத்தகையோர் எத்தனை பேர்?

காஞ்சிபுர மாவட்டத்துக்குக் கைப்பேசி புதிதன்று. திருப்பெரும்புதூரில் நோக்கியா 2006 முதல் 2014 வரை ஆலை நடத்திற்று. இன்று சுங்குவார்சத்திரத்தில் ஐபோன்கள் கோக்கப்படுகின்றன. உறுப்புகளைக் கோக்கும் விரல்கள் தமிழருடையன. அத்திரையில் தமிழெழுத்து எவ்வாறு நிற்பது என்பதோ வேறெங்கோ முடிவாகின்றது.

ஆர்ஃபசின் நிரல் எவரும் பார்க்கத் திறந்தே கிடக்கின்றது. அதில் தமிழுக்கெனத் தனிப்பகுதி இல்லை. தேவநாகரி, தெலுங்கு முதலியவற்றோடு ஒரே பகுதியில் வைக்கப்பட்டுள்ளது. உத்திரமேரூரிலிருந்து பொறியியல் கற்கச் செல்லும் மாணவர் அதனை இறக்கிப் படிக்கலாம். பிழை கண்டால் திருத்தி அனுப்பவும் வாயில் உண்டு.