லாரிக்கு காஸ்கெட், தொழிலாளிக்கு நுரையீரல்
(லாரிப் பட்டறைத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)

அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குச் சரக்கு இழுக்கும் பழைய டீசல் லாரி சூடேறி நிற்கிறது. ரேடியேட்டரில் குமிழி, எஞ்சின் ஆயில் பாலாக வெளுத்திருக்கிறது. ஹெட் காஸ்கெட் போய்விட்டது! பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருந்து, சிலிண்டரின் அழுத்தத்தையும் தண்ணீரையும் ஆயிலையும் பிரித்துக் காப்பது அந்த மெல்லிய தகடுதான்.

புதியதைப் போட்டால் மட்டும் போதாது. சூடு ஏன் ஏறியது என்று கண்டுபிடியுங்கள். ஹெட் வளைந்திருக்கிறதா என்று நேரான இரும்புப் பட்டை வைத்துப் பாருங்கள். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, கம்பெனி குறித்த வரிசையில், படிப்படியாக முறுக்குங்கள்.

பழைய காஸ்கெட்டைக் கழற்றும்போதுதான் ஆபத்து. பலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. காய்ந்தபடி சுரண்டினாலும், காற்றடித்து ஊதினாலும், கண்ணுக்குத் தெரியாத நார் நெஞ்சுக்குள் போகும். 20, 30 ஆண்டு கழித்துப் புற்றுநோயாக வரக்கூடும். மில்லில் பஞ்சுத் தூசி தின்ற தோழர்களுக்குத் தூசியின் கொடுமை தெரியும். இது அதனினும் கொடிது. முகத்தில் கட்டும் துண்டு அதைத் தடுக்காது. நனைத்துச் சுரண்டுங்கள்; கழிவைப் பையில் கட்டுங்கள்; தக்க முகமூடியை முதலாளியிடம் கேளுங்கள்.

1995-ல் உச்சநீதிமன்றம், ஆஸ்பெஸ்டாஸ் வழக்கில், தொழிலாளியின் உடல்நலம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. தனியாகக் கேட்டால் முதலாளி சிரிப்பான். சேர்ந்து கேளுங்கள், தோழர்களே!