சீருடையில் இழிவில்லை

(வலிகாமத்தில் விவசாயிகளும் உத்தியோகத்தரும் வாலிபரும் கூடிய கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரையின் வாசகம்)



வேலை இல்லை என்ற குரல் ஒரு பக்கம்; வேலைக்கு ஆள் இல்லை என்ற குரல் மறுபக்கம். இவ்விரு குரல்களும் இன்று ஒரே ஊரில், ஒரே வீதியில் எழுகின்றன. 2009ஆம் ஆண்டு யுத்தம் ஓய்ந்த பின்னர் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, வவுனியா ஆகிய நகரங்களில் பெரிய அங்காடிகள் பல எழுந்தன. அவற்றின் வாசல்களில் 'ஆட்கள் தேவை' என்ற பலகை தொங்குகின்றது. வேலை கேட்டு வரும் பிள்ளை சம்பளத்தை விசாரிக்கின்றது, நேரத்தை விசாரிக்கின்றது. "கடையின் சீருடை அணியவேண்டும்" என்றதும் முகம் வாடுகின்றது. மறுநாள் அப்பிள்ளை வருவதில்லை. இதனை என்னிடம் சொன்னவர்கள் கடை முதலாளிகள் மாத்திரமல்லர்; பெற்றோருந்தான்.

சீருடை நமக்குப் புதிய பொருளா? 1993ஆம் ஆண்டு முதல் அரசாங்கமே பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணி வழங்கி வருகின்றது. வெள்ளைச் சீருடையைப் பதின்மூன்று ஆண்டுகள் உடுத்தவர்கள் நம் பிள்ளைகள். தாதியின் வெள்ளையுடையை நாம் மதிக்கின்றோம். மலாயாவின் புகையிரதப் பகுதியிற் பணியாற்றிய நம் முன்னோர் உத்தியோக உடையில் எடுத்துக்கொண்ட படங்கள் இன்றும் பல வீடுகளின் சுவர்களை அலங்கரிக்கின்றன. நீதிமன்றம் செல்லும்போது நானும் கறுப்பு அங்கி தரிக்கின்றேன். அதுவும் ஒரு சீருடையே. அதனைக் கண்டு எவரும் முகஞ்சுளித்ததில்லை.

ஆகவே, நம்மவர் வெறுப்பது சீருடையை அன்று. அதிகாரத்தின் சீருடைக்குக் கைகூப்புகின்றோம். ஊழியத்தின் சீருடைக்கு முகத்தைத் திருப்புகின்றோம். ஒருவன் மேசைக்குப் பின்னால் அமர்ந்து மற்றவரைக் காக்கவைத்தால் அவன் பெரியவன். மேசைக்குப் பின்னால் நின்று மற்றவருக்குப் பொருள் எடுத்துக் கொடுத்தால் அவன் சிறியவன் என்று கணக்கிட்டு வைத்திருக்கின்றோம். இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது?

இரண்டு ஊற்றுக்களிலிருந்து வந்தது. முதலாவது, உத்தியோக மோகம். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்று பழமொழி செய்தவர்கள் நாம். தண்ணீர் வளங் குறைந்த நிலத்தில் வாழ்ந்த நமக்கு அரசாங்க உத்தியோகமும் ஓய்வூதியமும் ஒரு காலத்தில் உயிர்நாடியாக இருந்தன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டம் அந்த வாசலை நம் முகத்தில் அடித்துச் சாத்தியது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்று எழுதிவைத்தது; எழுத்து வந்தது, இடம் வரவில்லை. 2017ஆம் ஆண்டில் வடக்கிலும் கிழக்கிலும் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் வீதியோரத்தில் அமர்ந்து நியமனம் கேட்டார்கள். 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் இந்த நாடு தன் வெளிநாட்டுக் கடனையே கட்ட இயலாதென்று கைவிரித்தது. அந்த அரசாங்கம் நம் வாலிபர் அனைவருக்கும் நாற்காலி போட்டுக் கொடுக்கும் என்று காத்திருப்பது கானல் நீரை நம்பிக் கலப்பை பூட்டுவதாகும்.

இரண்டாவது ஊற்று கசப்பானது. ஆயினும் சொல்லியே ஆகவேண்டும். அதுதான் சாதி. இன்னார் மேற்சட்டை அணியலாகாது, இன்னார் காலிற் செருப்பு அணியலாகாது, இன்னார் பெண்கள் மேலாடை உடுக்கலாகாது என்று உடையைக் கொண்டே மனிதரை அளந்த சமுதாயம் இது. 1957ஆம் ஆண்டில் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பின்னரும், 1968ஆம் ஆண்டில் மாவிட்டபுரம் கோயில் வாசலில் மனிதர் உள்ளே செல்வதற்குப் போராட வேண்டியிருந்தது. உடையைப் பார்த்து ஆளை எடைபோடும் அந்தப் பழைய கண்தான் இன்று கடைச் சீருடையைக் கண்டதும் 'ஏவலாள்' என்று படிக்கின்றது. மொழியுரிமை கேட்கும் நாம் நம் வீட்டுக்குள்ளே இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு, சமத்துவத்தைப் பற்றி உலகுக்கு எப்படி உபதேசிப்பது?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். இங்கே கடைச் சீருடை அணிய மாட்டேன் என்ற அதே பிள்ளைக்காகத் தந்தை தோட்டக் காணியை ஈடு வைக்கின்றார். பயண முகவருக்கு இலட்சக்கணக்கிற் பணம் கட்டப்படுகின்றது. பிள்ளை இலண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ போய்ச் சேர்ந்து, அங்கே ஓர் அங்காடியின் சீருடையை அணிந்து, குளிரில் பெட்டி சுமக்கின்றது. அந்தப் படம் வந்தால் அயலவருக்கெல்லாம் காட்டி மகிழ்கின்றோம். அங்கே உழைப்பாக இருப்பது இங்கே இழிவாக மாறுவது எவ்வாறு?

விவசாயப் பெருமக்களே! சேற்றில் இறங்கி உழைப்பதை நீங்கள் வெட்கமாக எண்ணியிருந்தால் நாங்கள் எல்லோரும் பட்டினி கிடந்திருப்போம். நீங்கள் விளைவித்த வெங்காயத்தை நிறுத்து விற்பதில் உங்கள் பிள்ளைக்கு என்ன குறை? விளைவிப்பதை அறிந்த குடும்பம் விற்பதையும் அறிந்துகொண்டால், நாளை அந்தப் பிள்ளை சொந்தக் கடையும் வைக்கலாம்.

இவ்வளவும் சொன்னதால், பழியெல்லாம் வாலிபர் தலையில்தான் என்று முதலாளிமார் மகிழ்ந்துவிடக் கூடாது. நம் பிள்ளைகளின் தயக்கத்தில் நியாயமும் உண்டு. நாள் முழுவதும் நிற்கவேண்டும். ஐந்து நிமிடம் இருந்தால் மேற்பார்வையாளர் முறைக்கின்றார். சீருடை கொடுக்கும் சில கடைகள் நியமனக் கடிதம் கொடுப்பதில்லை. சீருடையின் விலையைச் சம்பளத்தில் வெட்டும் கடைகளும் உண்டு. முதலாளி தன் கடையின் பெயர் விளங்குவதற்காக அணிவிக்கும் உடைக்கு முதலாளியே பணம் கொடுக்கவேண்டும். அதுதான் நியாயம்.

சட்டம் என்ன சொல்கின்றது? 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலமே சாதாரண வேலை. அதற்கு மேற்பட்ட வேலைக்கு ஒன்றரை மடங்கு சம்பளம் உண்டு. வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறை உண்டு. வேலை நிபந்தனைகளை எழுத்திலே தரவேண்டியது முதலாளியின் கடமை. 1958ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி நூற்றுக்கு 8 வீதமும் முதலாளி 12 வீதமும் செலுத்தவேண்டும். 1980ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி மேலும் 3 வீதம் செலுத்தவேண்டும். பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து ஆண்டு நிறைந்தவருக்கு 1983ஆம் ஆண்டின் சட்டப்படி பணிக்கொடை உண்டு. அரசாங்க உத்தியோகத்தருக்கே எதிர்காலம் உண்டு, கடைச் சிப்பந்திக்கு ஒன்றுமில்லை என்பது அறியாமை.

நிற்கும் கால்களுக்கு இருக்கை கேட்பதும் பேராசையன்று. கடைகளில் வேலை செய்யும் பெண்கள் மூவருக்கு ஓர் இருக்கை வைக்கவேண்டுமென்று பிரித்தானியா 1899ஆம் ஆண்டிலேயே சட்டஞ் செய்தது. கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் கடைச் சிப்பந்திகளுக்கு அமரும் உரிமையைச் சட்டமாக்கின. பாக்கு நீரிணைக்கு அப்பால் கிடைத்த இருக்கை இப்பால் கிடைக்கலாகாதா?

வாலிப நண்பர்களே! ஒரு வழக்கறிஞனாக உங்களுக்கு ஒன்று சொல்வேன். நாளை ஒரு முதலாளி, "இவர் என் ஊழியரே அல்லர், சும்மா உதவிக்கு வந்தவர்" என்று தொழில் திணைக்களத்தின் முன் கைகழுவ முயலலாம். அப்போது நீங்கள் அணிந்திருந்த அந்தச் சீருடையே உங்கள் பக்கத்துச் சாட்சிகளில் ஒன்றாகும். நீங்கள் இழிவென்று எண்ணிய சட்டை, உங்கள் உரிமைக்குச் சான்றாக எழுந்து நிற்கும். ஆகவே சீருடையை வாங்கும் கையாலேயே நியமனக் கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள். சேமலாப நிதியின் அங்கத்துவ இலக்கத்தைக் கேட்டுக் குறித்து வையுங்கள். மார்பில் குத்தும் பெயர்ப் பட்டியில் உங்கள் பெயர் தமிழிலும் இருக்கவேண்டுமென்று கேளுங்கள். தனித்துக் கேட்கப் பயமென்றால் சங்கமாகச் சேர்ந்து கேளுங்கள். அந்த உரிமையை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை உங்களுக்குத் தந்திருக்கின்றது.

பெற்றோர்களே! மாப்பிள்ளை பார்க்கும்போது "கோறணமேந்திலா?" என்று கேட்கும் கேள்வியைச் சற்றே மாற்றுங்கள். "நேர்மையாக உழைக்கின்றாரா? உழைப்புக்குரிய உரிமை கிடைக்கின்றதா?" என்று கேளுங்கள். உத்தியோகத்தர்களே! கடைக்குச் செல்லும்போது சீருடை அணிந்த பிள்ளையை 'டேய்' என்றும் 'இஞ்சை வா' என்றும் அழையாது, 'தம்பி', 'தங்கச்சி' என்று அழையுங்கள். இதற்குச் சட்டமும் வேண்டாம், பாராளுமன்றமும் வேண்டாம். இன்று மாலையே தொடங்கலாம்.

தன் உழைப்பிலே நிற்கும் வாலிபன் எவர் முன்னும் கைகட்டி நிற்கமாட்டான். அத்தகைய வாலிபரைக் கொண்ட இனத்தையே பிறரும் மதிப்பர்.