ஆபரேஷன் முடிஞ்சும் மாத்திரை எதுக்கு?



கழுத்துக் கட்டிக்காக எனக்குத் தைராய்டு சுரப்பியை முழுசா எடுத்துட்டாங்க. நம்ம குழுக்களில் என்னைப் போல இன்னும் சிலர் இருக்காங்க. "கட்டிதான் போயிடுச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று எங்களைக் கேட்காதவங்க இல்லை. அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கேன்.

தைராய்டில் சுரக்கும் டி4, டி3 ஹார்மோன்கள் இதயத் துடிப்பு, உடம்புச் சூடு, செரிமானம், மாதவிலக்கு எல்லாவற்றையும் சீராக வைக்குது. சுரப்பியை முழுசா எடுத்துட்டால் அதைச் சுரக்க வேறு இடம் இல்லை. மாத்திரைதான் அந்த ஹார்மோன்.

நம்ம குழுச் சேமிப்பை நினைச்சுப் பாருங்க. சந்தா நின்னாலும் கையிருப்பு கொஞ்ச நாள் ஓடும். ரத்தத்தில் உள்ள டி4 பாதியாகக் குறைய ஏறக்குறைய 7 நாள் ஆகும். அதனால் மாத்திரையை நிறுத்தினதும் ஒண்ணும் தெரியாது. சில வாரம் போனபிறகு அசதி, குளிர், மலச்சிக்கல், முகவீக்கம், மறதி ஒவ்வொன்றாக வரும்.

ஹார்மோன் குறைந்தால் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச்.சை அதிகமாக அனுப்பும். ரத்தப் பரிசோதனையில் அது ஏறியிருந்தால் ஹார்மோன் போதவில்லை என்று அர்த்தம். மாத்திரை அளவை மாற்றினால் சுமார் 6 வாரம் கழித்து மறுபடி பார்க்கணும். பாதிச் சுரப்பியை மட்டும் எடுத்தவங்களில் சிலருக்கு மாத்திரையே தேவைப்படாது. அதையும் பரிசோதனைதான் சொல்லணும், நாமே முடிவு பண்ணக் கூடாது.

காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடுங்க. காபி, டீ, பலகாரம் எல்லாம் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான். இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைக்கு 4 மணி நேரம் இடைவெளி விடுங்க. கர்ப்பம் என்று தெரிந்தால் உடனே டாக்டரைப் பாருங்க. குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் ஹார்மோன் வேணும், அளவைக் கூட்ட வேண்டியிருக்கும்.

ஆபரேஷன் முடிந்த சில நாளில் விரல் நுனியோ உதடோ மரத்துப்போனால் காத்திருக்காதீங்க. தைராய்டுக்குப் பின்னால் உள்ள 4 சின்னச் சுரப்பிகள் பாதிக்கப்பட்டு ரத்தத்தில் கால்சியம் குறைந்திருக்கலாம்.

வீட்டில் பணம் தட்டுப்பட்டால் முதலில் நிற்பது பெண்களோட மாத்திரைதான். அதனால் ஒரு வேண்டுகோள். கூட்டத்தில் சந்தா கட்டும்போது, "மாத்திரை கையில இருக்கா?" என்றும் ஒருத்தரை ஒருத்தர் கேட்போம். இல்லாதவங்களுக்கு உள்கடன் கொடுத்தாவது வாங்க வைப்போம்.