குரலை நம்பலாமா?

2024ஆம் ஆண்டில் வெளிவந்த ‘லால் சலாம்’ படத்தில் ‘திமிரி எழுடா’ என்றொரு பாட்டு உண்டு. அதில் ஒலிப்பவை சாகுல் ஹமீது, பம்பா பாக்யா ஆகிய இருவரின் குரல்கள். முன்னவர் 1997இலும் பின்னவர் 2022இலும் காலமானவர்கள். இசையமைப்பாளர் ஏ.ஆர். ரகுமான் அவர்களுடைய குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, ஊதியமும் கொடுத்து, கணினியின் துணையால் அக்குரல்களை மீண்டும் உண்டாக்கினார்.

அனுமதி கேட்டுச் செய்தால் அது கலை. கேளாமல் செய்தால்?

ஒருவருடைய பேச்சைச் சிறிது நேரம் கேட்கக் கொடுத்தால், அதன் கனம், இழுப்பு, மூச்சு விடும் இடம் யாவற்றையும் கணினி கணக்கிட்டுக்கொள்கிறது. பிறகு, எழுதிக் கொடுப்பதையெல்லாம் அதே குரலில் பேசுகிறது. முகத்தையும் அவ்வாறே செய்யலாம். 2024இல் ஹாங்காங்கில் ஒரு நிறுவன ஊழியர், காணொலிக் கூட்டத்தில் தம் மேலதிகாரிகளைக் கண்டு, அவர்கள் சொற்படி 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிவிட்டார். திரையில் தெரிந்த அதிகாரிகள் அனைவரும் போலி! படித்தவர், பணக் கணக்குப் பார்ப்பவர். ஆகவே ஏமாந்தவரை ‘விவரம் கெட்டவர்’ என்று ஏளனம் செய்வதை நாம் நிறுத்த வேண்டும்.

இனி நம் லயத்துக்கு வருவோம். மகன் ஜோகூரில் வேலை செய்கிறான். இரவு பத்து மணிக்குத் தொலைபேசி மணி அடிக்கிறது. “அம்மா, நான்தாம்மா. எக்சிடன் ஆயிருச்சி. மூவாயிரம் வெள்ளி உடனே போடுங்க. அப்பாகிட்ட சொல்லாதீங்க.” பெற்ற மனம் பதறத்தான் செய்யும். அந்தப் பதற்றமே திருடனுக்கு முதல். ஆனால், ‘யாரிடமும் சொல்லாதே’ என்பது எப்பொழுதுமே சந்தேகத்துக்குரிய பேச்சு.

உடனே அழைப்பைத் துண்டியுங்கள். மகனுடைய பழைய எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். கிடைக்கவில்லையா? அவனோடு தங்கியிருப்பவரைக் கூப்பிடுங்கள்.

இன்னொரு வழி, குடும்பத்துக்கு மட்டும் தெரிந்த ஒரு சொல். பிறந்த நாள் வேண்டாம். அதைத்தான் ஊரெல்லாம் படம் போட்டுக் காட்டிவிட்டோமே! பாட்டி செல்லமாகத் திட்டும் வார்த்தையாக இருக்கட்டும்; சிரிப்பு வந்தால் மறக்காது. தீபாவளிக்குப் பிள்ளைகள் வரும்போது நேரில் சொல்லிக்கொள்ளுங்கள். கைப்பேசியில் எழுதி அனுப்பாதீர்கள்.

கண் இமைப்பதையும் உதட்டசைவையும் பார்த்துப் போலியைக் கண்டுபிடிக்கலாம் என்பார் சிலர். அதை நம்பியிருக்க வேண்டாம் என்பதே என் கருத்து. அந்தக் குறைகள் நாளுக்கு நாள் திருந்தி வருகின்றன.

பணம் போய்விட்டதென்றால், வெட்கப்பட்டு விடியும்வரை காத்திராதீர்கள். மோசடிக்காரர்கள் பணத்தைக் கணக்கு விட்டுக் கணக்கு மாற்றிக்கொண்டே போவார்கள். கையில் எடுப்பதற்கு முன்னால்தான் தடுக்க முடியும். மோசடிப் புகார்களுக்கென 2022 அக்டோபரில் அரசாங்கம் அமைத்த தேசிய மையத்தின் எண் 997. அதற்கும் உங்கள் வங்கிக்கும் உடனே சொல்லுங்கள். அழைப்பு வந்த எண்ணையும் பணம் அனுப்பிய ரசீதையும் அழித்துவிடாமல், காவல் நிலையத்துக்குப் போகும்போது கையோடு கொண்டுபோங்கள்.